ஒருத்தன் விழட்டும், வருகிறேன்

எனக்குச் சரியான பதில் தோன்றுவதெல்லாம் எதிராளி செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை தாண்டிய பிறகுதான். கல்யாண வீட்டில் மைத்துனர் என் சம்பளத்தைப் பற்றி நாசூக்காக ஒன்று சொல்வார். நான் "ஹி ஹி" என்பேன். அதற்குப் பொருத்தமான பதில் ராத்திரி இரண்டு மணிக்கு வரும். அந்த நேரத்தில் மைத்துனரை எழுப்ப முடியாது. மனைவியை எழுப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதன் விளைவுகள் இந்தக் கட்டுரைக்கு அப்பாற்பட்டவை.

இப்படிப்பட்ட ஆசாமிக்கென்றே ஓர் உத்தியோகம் இருக்கிறது என்பது என் பையன் மூலமாகத்தான் தெரியவந்தது. சம்பளம் கிடையாது, பென்ஷன் கிடையாது. போக்கிமான் சண்டையில் 'ரிவெஞ்ச் கில்லர்' என்று அந்தப் பதவிக்குப் பெயர். கேட்கிற தகுதி ஒன்றே ஒன்று: நம் ஆள் ஒருவர் முதலில் விழ வேண்டும். அதற்கப்புறம் வந்தால் போதும். தாமதமாக வருவதையே தகுதியாகக் கேட்கிற வேலையை நான் அதுவரை கண்டதில்லை.

போக்கிமான் என்றதும் மஞ்சள் நிற மின்சார எலியை நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1996-இல் ஜப்பானில் கேம் ஃப்ரீக் கம்பெனி கேம்பாய்க்காகச் செய்த விளையாட்டு இது. 2009-இல் உலக சாம்பியன்ஷிப் வைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. இப்போது வளர்ந்த மனிதர்கள் ஒரு பக்கம் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். நான் ஆடுவது 'ஷோடவுன்' என்ற இலவசத் தளத்தில். கம்ப்யூட்டரில் பிரவுசர் இருந்தால் போதும். மனைவி எட்டிப் பார்த்தால் ஆபீஸ் வேலை மாதிரியே இருக்கும், கத்தாமல் ஆடினால்.

ஆளுக்கு ஆறு ஜந்துக்கள். ஒரு நேரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொன்றுதான் களத்தில் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் ரகசியமாக ஒரு தாக்குதலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதன் வேகம் அதிகமோ அது முதலில் அடிக்கும். முதலில் அடித்தே தீர்த்துவிட்டால் மற்றதன் அடி நடக்கவே நடக்காது. அதனால்தான் இந்த ஆட்டத்தில் வேகம் என்பது ஏறக்குறைய உயிர் மாதிரி.

களத்தில் நிற்பதை மாற்றி வேறொன்றை இறக்கலாம். ஆனால் அந்தச் சுற்று அதிலேயே போய்விடும். புதிதாக உள்ளே வருகிற ஜந்து, வந்த மரியாதைக்கு ஓர் அடி வாங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும். நின்றிருந்தது செத்து விழுந்தால் மட்டும் கதை வேறு. அப்போது இறங்குகிறவருக்கு அடி கிடையாது. வேட்டி மடிப்புக் கலையாமல் வந்து நிற்கலாம், எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தே ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். ரிவெஞ்ச் கில்லரின் பிழைப்பு முழுக்க இந்த ஒரு சலுகையில் நடக்கிறது. அவனால் அடி தாங்க முடியாது. அதனால் பிறர் பிணத்தைத் தாண்டித்தான் வருவான்.

என்னுடைய ரிவெஞ்ச் கில்லர் கார்ச்சோம்ப். பார்க்கச் சுறாமீனுக்கும் டிராகனுக்கும் பிறந்த பிள்ளை போல இருக்கும். அதன் அடிப்படை வேகம் 102. இந்த 102-இல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அடிப்படை வேகம் 100 என்று ஒரு பெருங்கூட்டமே இந்த ஆட்டத்தில் உண்டு. லெவல் 100-இல், சுபாவத்தையும் பயிற்சியையும் வேகத்துக்கே ஒதுக்கினால் அந்தக் கூட்டம் 328-ஐத் தொடும். கார்ச்சோம்ப் 333-ஐத் தொடும். இந்த ஐந்து புள்ளிக்காகத்தான் அதற்கு இத்தனை மதிப்பு. ஐந்து மார்க்கில் என் வாழ்க்கையே வேறு திசையில் போயிருக்கிறது என்பதால் எனக்கு இது உடனே புரிந்தது.

ஆனால் 333 போதாது. டிராகபல்ட் என்று ஒன்று இருக்கிறது, அதன் வேகம் 421. அங்கேதான் சாய்ஸ் ஸ்கார்ஃப் வருகிறது. 2006-இல் வெளியான டைமண்ட், பேர்ல் ஆட்டங்களில் அறிமுகமான பொருள். கழுத்தில் கட்டினால் வேகம் ஒன்றரை மடங்காகும். 333 என்பது 499 ஆகிவிடும். டிராகபல்ட் வாயைப் பிளந்து பார்க்கும்.

இலவசமாகவா கொடுப்பார்கள்? ஸ்கார்ஃப் கட்டிய ஜந்து, முதலில் எந்தத் தாக்குதலைத் தொட்டதோ அதையேதான் திரும்பத் திரும்பச் செய்ய முடியும். நான்கு தாக்குதல் தெரிந்திருக்கும், ஒன்றைத் தொட்டதும் மற்ற மூன்றும் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்ளும். பூட்டுத் திறக்க வேண்டுமானால் களத்தை விட்டு வெளியே போய்விட்டு வர வேண்டும்.

பையன் இதை விளக்கியபோது எனக்குப் புதிதாக எதுவும் தெரிந்துகொண்ட மாதிரி இல்லை. வீட்டில் வாக்குவாதம் வந்தால் நான் "அப்பவே சொன்னேன்" என்றுதான் ஆரம்பிப்பேன். அதற்கப்புறம் விஷயம் கேஸ் சிலிண்டரிலிருந்து சம்பந்தி வீடு வரைக்கும் போய்விடும். என் வாயில் "அப்பவே சொன்னேன்" தவிர வேறெதுவும் வராது. நாலு நியாயம் மனசுக்குள் வரிசையாக நிற்கும், ஒன்றும் வெளியே வராது. மொட்டை மாடிக்குப் போய்விட்டுத் திரும்பினால்தான் அடுத்த வாக்கியம் திறக்கும். ஸ்கார்ஃப் இல்லாமலே பூட்டிக்கொள்கிற ரகம் நான். வேகம்தான் கூடவில்லை.

ஒரு சண்டையைச் சொல்கிறேன். எதிராளியிடம் கியாரடோஸ். பெரிய நீலப் பாம்பு, வாயைப் பார்த்தாலே கடன்காரன் ஞாபகம் வரும். அது டிராகன் டான்ஸ் என்று ஓர் ஆட்டம் போடும். ஒரு முறை ஆடினால் அடிக்கும் பலமும் வேகமும் ஒன்றரை மடங்கு. 287 வேகத்திலிருந்தது 430-க்குப் போய்விட்டது. என் பக்கத்தில் நின்றது ஹிப்போடான் என்ற நீர்யானை. அடிப்படை வேகம் 47, ஏற்கெனவே பாதி உயிர். ஒரே அடியில் சாய்ந்தது.

"அப்பா, கவலைப்படாதீங்க. இப்ப கார்ச்சோம்ப விடுங்க. ஸ்டோன் எட்ஜ் போடுங்க."

499-க்கு முன்னால் 430 எம்மாத்திரம்? கார்ச்சோம்ப் பாறையைப் பெயர்த்து அடித்தது. கியாரடோஸ் காலி. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று ஏதோ சத்தம் போட்டேன் போலிருக்கிறது. "ஆபீஸ்ல ஏதாவது பிரமோஷனா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பையன்தான் அன்று ராத்திரி கால்குலேட்டரைக் காட்டி என் காற்றைப் பிடுங்கினான். முழு உயிரோடு இருக்கும் கியாரடோஸைக் கார்ச்சோம்பின் ஸ்டோன் எட்ஜ் அடித்தால் 80 முதல் 94 சதவீதம் வரைதான் போகும். சாகாது. மிச்ச உயிரில் திரும்பி ஐஸ் ஃபேங்கால் கடித்தால், நிலம், டிராகன் என்ற இரண்டு வகையும் கலந்த கார்ச்சோம்புக்குப் பனி அடி நான்கு மடங்காக விழும், கதை முடிந்துவிடும். பிறகு எப்படிச் செத்தது? சாவதற்கு முன்னால் ஹிப்போடான் களத்தில் ஸ்டெல்த் ராக் என்ற கூர்ங்கற்களைப் பரப்பி வைத்திருந்தது. கியாரடோஸ் உள்ளே கால் வைத்தபோதே உயிரில் கால்வாசி போய்விட்டது. போதாக்குறைக்கு ஹிப்போடான் கிளப்பிய மணல்புயல் சுற்றுக்குச் சுற்று சுரண்டிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி வேலையை அந்த மந்த நீர்யானை முடித்துவைத்துவிட்டுச் செத்திருக்கிறது. மாலை மட்டும் கடைசியில் ஓடி வந்தவன் கழுத்தில். எங்கள் ஆபீசில் இந்த முறைக்கு வேறு பெயர், ஆனால் நடைமுறை இதுவேதான்.

இன்னொன்றும் சொன்னான். ஸ்டோன் எட்ஜ் நூற்றுக்கு 80 தடவைதான் படும். பாக்கி 20 காற்றில் போகும். கியாரடோஸ் ஒரு முறைக்கு இரண்டு முறை ஆடியிருந்தால் அதன் வேகம் 574. அப்போது ஸ்கார்ஃப் கட்டிய கார்ச்சோம்பே பின்னால்தான். ஆக ரிவெஞ்ச் கில்லர் என்பவன் தாமதமாக வரலாம், ரொம்பத் தாமதமாக வரக் கூடாது. ஒரு நடனத்துக்கும் இரண்டாவது நடனத்துக்கும் நடுவில் வந்தாக வேண்டும். நான் முகூர்த்தத்துக்குப் போகிறபோது பந்தி முடிந்து இலை எடுக்கிற வழக்கம் உள்ளவன். இந்தக் கணக்கு என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

கொன்ற பிறகும் நிம்மதி கிடையாது. எனக்குக் கிடைத்த அதே சலுகை இப்போது எதிராளிக்கு. அவன் ஆள் விழுந்துவிட்டதே! அவனும் அடி வாங்காமல் ஒருத்தரை இறக்கலாம். இறக்கும்போது அவனுக்குத் தெரியும், நான் ஸ்டோன் எட்ஜில் பூட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று. பாறை அடியைப் பொருட்படுத்தாத எஃகு ஜந்து ஒன்றை அனுப்புவான், அது என் எதிரில் சாவகாசமாகத் தன் பலத்தைக் கூட்டிக்கொள்ளும். நான் வெளியே போனால் அந்தச் சுற்று அதற்கு லாபம், போகாவிட்டால் அடுத்த சுற்றில் நானே லாபம். அவுட்ரேஜ் என்ற டிராகன் தாக்குதலில் பூட்டிக்கொண்டால் இன்னும் விசேஷம். இரண்டு மூன்று சுற்றுக்கு வெறி பிடித்து அடித்துவிட்டு, கடைசியில் யாரை அடிக்கிறோம் என்று தெரியாமல் குழம்பும். 2013-இல் ஃபேரி என்ற வகை வந்ததிலிருந்து டிராகன் தாக்குதல் அதன் மேல் துளியும் படாது. கிளெஃபேபிள் என்று ஒரு ரோஸ் நிறப் பொம்மை. அதன் முன்னால் என் கார்ச்சோம்ப் தலைவிரித்துக் குதிக்கிறது, அது சிரித்துக்கொண்டே நிற்கிறது. பார்க்கச் சகிக்காது.

2022-இல் வந்த ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் டெரா என்று ஒன்றைச் சேர்த்தார்கள். சண்டைக்கு ஒரு முறை, நம் ஜந்து நின்ற இடத்திலேயே தன் வகையை மாற்றிக்கொள்ளலாம். பழிவாங்குகிறவனின் வயிற்றில் அடித்த சட்டம் என்றால் இதுதான். பறக்கும் கியாரடோஸைப் பார்த்து நான் பாறையை எடுக்கிறேன். கல் கையிலிருந்து கிளம்புவதற்குள் அது எஃகாக மாறிவிடுகிறது. எஃகுக்கு எர்த்குவேக்தான் மருந்து, எர்த்குவேக் என்னிடம் இருக்கிறது, சாம்பல் நிறத்தில். ஐஸ் ஃபேங் வந்து இறங்கும்போது நான் அந்தச் சாம்பல் நிறப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆட்டத்தைச் செய்தவர்களுக்குக் குறும்பு அதிகம். 'ரிவெஞ்ச்' என்ற பெயரிலேயே ஒரு தாக்குதல் வைத்திருக்கிறார்கள். அடி வாங்கிக்கொண்டு திருப்பி அடித்தால் இரட்டைப் பலம். ஆனால் அதன் முன்னுரிமை கழித்தல் 4. எவ்வளவு வேகமான ஜந்து செய்தாலும் சுற்றின் கடைசியில்தான் நடக்கும். ராத்திரி இரண்டு மணிப் பதில் என்பது இதுதான். இதைக் கண்டுபிடித்தவரும் யாரோ மைத்துனரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவராகத்தான் இருக்க வேண்டும்.

"வேகம் உங்களுக்கு ஒத்து வரலப்பா" என்று பையன் முடிவாகச் சொல்லிவிட்டு கிங்காம்பிட்டைக் கொடுத்தான். தலையில் கத்தி முளைத்த கிழட்டுத் தளபதி மாதிரி இருக்கும். அடிப்படை வேகம் 50. ஆனால் கூட இருந்தவர்கள் எத்தனை பேர் விழுந்தார்களோ, ஆளுக்குப் பத்து சதவீதம் அதன் அடி கூடும். ஐவரும் விழுந்த பிறகு ஒன்றரை மடங்கு. வேகமில்லாத குறைக்கு சக்கர் பஞ்ச் இருக்கிறது. எதிராளி அடிக்கக் கை ஓங்கினால் அதற்கு முன்னால் இது பாயும். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒரே சங்கடம், எதிராளி கை ஓங்கினால்தான் அது பலிக்கும். அவன் அடிக்காமல் டான்ஸ் ஆடினாலோ மருந்து குடித்தாலோ சக்கர் பஞ்ச் தோற்றுப்போகும். என்னோடு மோதுகிறவர்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொண்டு என் எதிரில் டான்ஸ் ஆடுகிறார்கள்.

கார்ச்சோம்பை இப்போது கல் பரப்பும் வேலைக்கு மாற்றியாயிற்று. ஸ்கார்ஃப் சும்மா கிடந்தது. அதை எடுத்து வாஷிங் மெஷினுக்குள் பேய் புகுந்த ரோட்டமின் கழுத்தில் கட்டினேன். அதற்கு ட்ரிக் என்று ஒரு வித்தை தெரியும். நம் பொருளை எதிராளி கையில் திணித்துவிட்டு அவன் பொருளை எடுத்துக்கொள்ளலாம். எதிரே ப்ளிஸ்ஸி நின்றது. எவ்வளவு அடித்தாலும் முட்டையைச் சாப்பிட்டு உயிரை ஏற்றிக்கொள்கிற குண்டு நர்ஸம்மா, எல்லோருக்கும் தலைவலி. அது முட்டையை எடுக்கப்போகிற சுற்றில் நான் ட்ரிக் போட்டேன். ஸ்கார்ஃப் அதன் கழுத்துக்குப் போனது. அதன் பூட்ஸ் என் காலுக்கு வந்தது. முட்டை சாப்பிட்டது, பூட்டிக்கொண்டது. இனி வெளியே போனாலொழிய அதனால் வேறெதுவும் முடியாது. வேகம் மட்டும் ஒன்றரை மடங்கு. அடுத்தடுத்த சுற்றுகளில் என் ஆளுக்கு முன்னால் முந்திக்கொண்டு அது முட்டை சாப்பிட்ட வேகத்தை நான் இதுவரை எந்தப் பந்தியிலும் பார்த்ததில்லை.