பச்சை மிளகாய் சிவத்தல்: விராலிமலைச் சந்தையை முன்வைத்து ஒரு நுண்ணாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கி வந்து வீட்டில் கொட்டியபோது, அதில் ஏழு சிவப்பாகக் கிடந்தன. “இதுவா பச்சை?” என்று அடுப்படியிலிருந்து எழுந்த வினாவே இவ்வாய்வின் தோற்றுவாய். பதில் தெரியாதவர் ஆய்வாளர் ஆவது நம் மரபு.

2. ஆய்வெல்லை

விராலிமலைச் சந்தையில் ஓர் ஆத்தா விரித்திருந்த ஒரே ஒரு சாக்கு. இதைவிடச் சிறிய எல்லையில் முனைவர் பட்டங்கள் வழங்கப்பட்டுள்ளன.

3. வகைப்பாடு (பெயரில் நிறம் இருப்பதாகத் தோன்றுபவை)

3.1 பொன்னாங்கண்ணி: பொன் இல்லை, அடகுக் கடையிலும் கேட்டாயிற்று.

3.2 வெண்டை: ‘வெண்’ உண்டு, வெண்மை இல்லை. மேலாய்வுக்குரியது (அதாவது, இவ்வாய்வாளருக்குத் தெரியாது).

3.3 பச்சரிசி: காயன்று, பச்சையுமன்று. இருந்தும் பின்னால் உதவும்.

3.4 வெண்பூசணி: காய் பச்சை. முற்றும்போது தோலின் மேல் மெழுகுப் பூச்சு சாம்பல் போலப் படிகிறது. ஆய்வாளர் அதன் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். கோடு பச்சை, விரல் வெள்ளை. ஆகவே பெயரிலுள்ள வெண்மை துடைத்தால் போகக்கூடியது என நிறுவப்பட்டது. “மாவ அழிச்சிட்டா இளங்காயின்னு நெனச்சு எவன் தம்பி வாங்குவான்?” (ஆத்தா, வாய்மொழி, தராசுக்கு இடப்பக்கம்).

3.5 பச்சை மிளகாய்

3.5.1 இலக்கண நோக்கு: தொல்காப்பியம் உரியியலில் கறுப்பு, சிவப்பு என்ற இரு சொற்களையும் முதலில் சினத்துக்குக் கொடுத்துவிட்டு, நிறத்துக்கும் ஆகும் என்கிறது. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்த்துகீசியர் வந்த பிறகே நம் அம்மிக்கு வந்தது. எனவே மிளகாய் சிவப்பது சினத்தால்தான் என்பதைத் தொல்காப்பியர் முன்கூட்டியே அறிந்திருந்தார் என ஒரு தரப்பு வாதிடலாம். அத்தரப்பில் இடம் காலியாக இருந்ததே இல்லை.

3.5.2 மேனாட்டு நோக்கு: 1969இல் பெர்லின், கே என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், மொழிகளில் நிறப்பெயர்கள் ஒரு வரிசைப்படியே பிறக்கின்றன என்றார்கள்: முதலில் கருமையும் வெண்மையும், அடுத்துச் சிவப்பு, பிறகு பச்சையோ மஞ்சளோ, அதற்கும் பிறகு நீலம். இதற்காக அவர்கள் மக்களிடம் வண்ண அட்டைகளைக் காட்டிக் கேட்டார்கள். இங்கேதான் சறுக்கல். அட்டை பழுக்காது, அட்டை வாடாது, மாலையில் விலை குறைத்துக் கூறு கட்டவும் முடியாது.

3.5.3 வேதியியல் நோக்கு: பழுக்கும்போது பச்சையம் சிதைகிறது, கேப்சாந்தின் என்ற செந்நிறமி கூடுகிறது. சரிதான். ஆனால் பெயர் ஏன் சிதையவில்லை?

3.5.4 ஆத்தா நோக்கு: சிவந்த ஏழு மிளகாய்களும் சான்றாகச் சமர்ப்பிக்கப்பட்டன. ஆத்தா ஒன்றை எடுத்துக் கிள்ளினார். ஈரம் கசிந்தது. “செவந்துட்டா வரமொளகா ஆயிருமா தம்பி? காயணும்ல. இது பச்சதான்.” (அதே ஆத்தா, திருத்திய இரண்டாம் பதிப்பு, தூறல் விழத் தொடங்கியபின், சாக்கின் ஓரத்தைச் சுருட்டியவாறு, மறுப்புரை: பக்கத்துக் கடைக்காரர், உருளைக்கிழங்கு மூட்டை மேல் அமர்ந்து, சில்லறை எண்ணிக்கொண்டே, மறுப்புக்கு மறுப்பு: ஆத்தாவின் பார்வை, பதிவு செய்ய இயலவில்லை.)

அப்போதுதான் பச்சரிசி உதவிக்கு வந்தது. அவிக்காத அரிசி பச்சரிசி. காய்ச்சாத தண்ணீர் பச்சைத் தண்ணீர். வேகாத முட்டை பச்சை முட்டை. பிறந்து சில நாளே ஆன குழந்தை பச்சைக் குழந்தை. அதன் நிறத்தை யாரும் கேட்பதில்லை. மிளகாயிலும் பச்சைக்கு எதிர்ச்சொல் சிவப்பு அன்று, ‘வர’. ஈரம் உள்ளவரை அது பச்சை. வெயிலில் காய்ந்தால் வரமிளகாய். நிறம் என்று நாம் படித்துக்கொண்டிருந்தது பக்குவத்தின் பெயர்.

4. பக்கச் சான்று

மலைமேல் முருகனைப் பச்சை மயில் வாகனன் என்கிறோம். அடிவாரத்தில் திரியும் மயில்களின் கழுத்து நீலம். இதுவரை எந்தப் பக்தரும் புகார் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்த முருகனுக்கே சுருட்டு படைத்து வணங்கும் ஊரில், நிறத்துக்காக யார் வழக்காடுவார்கள்?

5. முடிவுரை

ஆய்வு நிறைவுற்றதை ஒட்டி, ஆத்தா ஒரு கொத்துக் கருவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போட்டார். “கறிவேப்பிலையா, கருவேப்பிலையா ஆத்தா? இலை கறுப்பில்லையே...” என்று ஆய்வாளர் தொடங்கினார்.

கொசுறு திரும்பப் பெறப்பட்டது.