அமெரிக்கன் மாடலும் பீட்ரூட் மசால்தோசையும்

2016 நவம்பர் 9, புதன்கிழமை. முந்தின ராத்திரி ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டெல்லாம் வெறும் காகிதமாகியிருந்தது. மறுநாள் மதியத்துக்குள் அமெரிக்காவில் டிரம்ப் ஜெயித்துவிட்டார். இரண்டில் எது பெரிய அனர்த்தம் என்று திருவனந்தபுரம் தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸில் இரண்டு கிழவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

ஐயருக்கு 86 வயது, கரமனை அக்கிரகாரம். பிள்ளைவாளுக்கு 84, பூர்வீகம் நாஞ்சில் நாடு. 1956 நவம்பர் 1-இல் அவர் ஊர் மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போனபோது அவர் மட்டும் சர்க்கார் உத்தியோகத்தைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டார். இருவருக்கும் கம்யூனிஸ்ட் என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் தினமும் வந்து உட்காருவது ஏ.கே. கோபாலன் முன்னின்று உண்டாக்கிய தொழிலாளர் கூட்டுறவின் காபிக்கடையில். காபி நன்றாக இருக்கும் இடத்தில் கொள்கையைத் தோண்டப்பிடாது என்பது பிள்ளைவாளின் சித்தாந்தம்.

அந்தக் கட்டடத்தையும் சொல்லவேண்டும். லாரி பேக்கர் கட்டியது. செங்கல்லில் நத்தை ஓடுபோலச் சுற்றிச் சுற்றி மேலே ஏறும். கீழே வலது கைப்பக்கம் தெரிந்த பஸ் ஸ்டாண்டு, அரைச்சுற்று ஏறினால் இடது கைப்பக்கம் போயிருக்கும். கேரள அரசியலை இதைவிட நன்றாக யாரும் செங்கல்லில் கட்டியதில்லை.

“முன்னெல்லாம் ரிபப்ளிகன்னா ஒரு கௌரவம் உண்டு ஓய்” என்றார் ஐயர். நியூஜெர்சியில் மகன் இருப்பதால் அமெரிக்கா அவருக்குப் பாத்தியப்பட்ட பூமி. “ஐசனோவரைப் பாரும். இப்போ கட்சியே தலைகீழா மாறிடுத்து.”

“லிங்கன் கட்சியில்லா அது! அடிமை கூடாதுன்னு ஆரம்பிச்ச கட்சி. அது எப்பவோ மாறியாச்சு. நீரு இப்பத்தான் முழிச்சிருக்கேரு” என்றார் பிள்ளைவாள். “அது கெடக்கட்டு சாமி. உம்ம அமெரிக்காவ நாங்க 1946-லயே அரபிக்கடல்ல தூக்கிப் போட்டாச்சுல்லா!”

ஐயர் முகம் சுண்டியது. விவரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1946-இல் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூருக்கு ஒரு புது ஆட்சி முறையைத் தைத்துக் கொண்டுவந்தார். வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு உண்டு, சட்டசபை உண்டு, பேச்சு உண்டு. திவானை அசைக்க மட்டும் சபைக்கு அதிகாரம் கிடையாது. அமெரிக்காவில் ஜனாதிபதி அப்படித்தானே இருக்கிறார் என்பது வாதம். அமெரிக்க ஜனாதிபதி ஓட்டு வாங்கி வருகிறவர், திவான் மகாராஜாவிடம் உத்தரவு வாங்கி வருகிறவர் என்ற சின்ன வித்தியாசத்தை யாரும் பெரிதுபடுத்தக் கூடாது. ஜனங்கள் பெரிதுபடுத்தினார்கள். ‘அமெரிக்கன் மாடல் அரபிக்கடலில்’ என்று கோஷம் போட்டார்கள்.

சி.பி. சாமானியர் அல்ல. ஒருகாலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரோடு ஹோம் ரூல் பேசிய காங்கிரஸ்காரர். அவர் திவானாக இருந்தபோதுதான் 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. ஆசாரக்காரர்களுக்கு அன்றைய சோறு இறங்கவில்லை. அதே கையால் ஸ்டேட் காங்கிரஸ்காரர்களை ஜெயிலுக்கும் அனுப்பினார். அதாவது முற்போக்கும் பிற்போக்கும் ஒரே பேனாவிலிருந்து வந்தன. கடைசியில் திருவிதாங்கூர் தனி நாடு என்று முழங்கி, 1947 ஜூலை 25-இல் சுவாதித் திருநாள் சங்கீத அகாதமியில் கே.சி.எஸ். மணியிடம் வெட்டு வாங்கினார். தனி நாடு சில நாளில் இந்தியாவோடு சேர்ந்தது. திவான் அடுத்த மாதம் பதவியை விட்டார். ஐயர் அன்றைக்குக் கச்சேரி வாசலில் நின்றதாகச் சொல்வார். அப்படிச் சொல்லும் கரமனைக்காரர்களை எண்ணினால் அந்த மண்டபத்துக்கு ஐந்து மாடி வேண்டும்.

“வெட்டினவன் ஓடிட்டான், கட்டினவா போயிட்டா. அதுக்கப்புறம் வந்தவா யாரு? பட்டம்!” என்றார் ஐயர்.

பட்டம் தாணுபிள்ளை. ஊர்ப் பெயர்தான். ஆனால் தமிழில் அதற்குள்ள இன்னொரு அர்த்தத்துக்கு இவ்வளவு விசுவாசமாக வாழ்ந்தவர் வேறில்லை. 1948-இல் காங்கிரஸ் சார்பில் திருவிதாங்கூரின் பிரதம மந்திரி. ஏழு மாதத்தில் சொந்தக் கட்சிக்காரர்களே நூலை அறுத்தார்கள். பறந்துபோய்ப் பிரஜா சோஷலிஸ்டில் விழுந்தார். 1954 தேர்தலில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 19 இடம். அவரை அறுத்துவிட்ட அதே காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு கொடுத்து அவரை முதல்வராக்கியது. கம்யூனிஸ்ட் வந்துவிடக்கூடாது என்ற ஒரே காரணம்தான்.

பிள்ளைவாள் இந்த இடத்தில் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்த வருஷம் ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் பட்டத்தின் போலீஸ் சுட்டது. தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று நேசமணியின் கட்சி நடத்திய போராட்டம் அது. ஆட்கள் செத்தார்கள். சோஷலிஸ்ட் சர்க்கார் சுடலாமா, ராஜினாமா செய் என்று அந்தக் கட்சியின் லோகியாவே கேட்டார். பட்டம் செய்யவில்லை. பிள்ளைவாள் எல்லாவற்றையும் கேலி செய்வார். இதைச் செய்ய மாட்டார். ஐயரும் இந்த நேரத்தில் தோசையைக் கவனிப்பார்.

தோசைக்குள்ளே பீட்ரூட். கேரளக் காபி ஹவுஸ் மசால்தோசையைப் பிளந்தால் உள்ளே செக்கச்செவேல். “பாரும், இதுலயும் செங்கொடியப் பொதிஞ்சு வெச்சிருக்கான்” என்று பிள்ளைவாள் மறுபடி உயிர் பெற்றார்.

1960-இல் வந்தது பெரிய கூத்து. முதல் கம்யூனிஸ்ட் மந்திரிசபையை விமோசன சமரம் என்ற போராட்டம் நடத்தி, 1959 ஜூலை 31-இல் டில்லியைக் கொண்டு கலைத்தாயிற்று. அந்தச் சமயம் காங்கிரஸுக்கு அமெரிக்கப் பணம் வந்ததென்று, பின்னாளில் இந்தியாவுக்கு அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிஹான் 1978-இல் புத்தகத்திலேயே எழுதிவிட்டார். அரபிக்கடலில் போட்ட அமெரிக்கா அலையோடு கரைக்கு வந்த கதை இது. அடுத்த தேர்தலில் காங்கிரஸுக்கு 63 இடம், பட்டத்தின் கட்சிக்கு 20. யார் முதல்வர்? பட்டம்! கல்யாணத்தில் பெரியப்பா கோபித்துக்கொள்ளக் கூடாதென்று தாலியையே அவர் கையில் கொடுத்த மாதிரி. 1962-இல் அந்தத் தாலியை நைஸாக வாங்கிக்கொண்டு பெரியப்பாவைப் பஞ்சாபுக்குக் கவர்னராக ரயிலேற்றினார்கள். ஆர். சங்கர் முதல்வரானார்.

சங்கரைக் கவிழ்த்தது கம்யூனிஸ்ட் என்று நினைப்பீர்கள். அதற்கு அவர்களுக்கு வேலையே வைக்கவில்லை. உள்துறை மந்திரி பி.டி. சாக்கோவின் கார் திருச்சூரில் சின்ன விபத்தில் சிக்கியது. விபத்தை யாரும் கேட்கவில்லை. காரில் ஒரு பெண் இருந்தாராமே என்றுதான் கேட்டார்கள். சாக்கோ 1964 பிப்ரவரியில் பதவி விலகினார், சில மாதத்தில் காலமானார். அவர் ஆட்களாக இருந்த 15 காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் செப்டம்பரில் எதிர்க்கட்சியோடு சேர்ந்து சொந்த மந்திரிசபையைக் கவிழ்த்தார்கள். பின்னணியில் நாயர் சர்வீஸ் சொசைட்டியின் மன்னத்து பத்மநாபன். 1950-இல் இதே மன்னமும் இதே சங்கரும்தான் இந்து மகாமண்டலம் என்று தோளில் கை போட்டு நின்றவர்கள். அக்டோபரில் கோட்டயத்தில் கேரளா காங்கிரஸ் பிறந்தது. எங்களுடையதுதான் அசல் காங்கிரஸ், அவர்களுடையது போலி என்று சொல்லாத குறை. பால்கோவாக் கடை போர்டு மாதிரி.

“அதே செப்டம்பர்ல அமெரிக்காவுல என்ன நடந்தது தெரியுமோ?” ஐயர் விடவில்லை. “ஸ்ட்ரோம் தர்மண்ட் டெமாக்ரட்டை விட்டு ரிபப்ளிகனுக்குப் போனார். ரீகன் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயாச்சு. கேட்டா, நான் போகலை, கட்சிதான் என்னை விட்டுப் போச்சுன்னார். என் கதையும் அதான் ஓய். நான் நின்ன இடத்துல நிக்கறேன்.”

“நீரு நிக்கேரு, சரி. இந்தக் கட்டடத்துல நிக்கேருல்லா! தரையே சுத்துதே” என்றார் பிள்ளைவாள்.

கேரளா காங்கிரஸின் மிச்சக் கதைக்குப் பஞ்சாங்கம் போதாது, ஆங்கில அரிச்சுவடி வேண்டும். மாணிக்கு எம், ஜோசப்புக்கு ஜே, பாலகிருஷ்ண பிள்ளைக்கு பி. வளர வளரப் பிளக்கும், பிளக்கப் பிளக்க வளரும் கட்சி என்று கே.எம். மாணியே பெருமையாகச் சொன்னார். அமீபாவுக்குக் கூட அந்தத் தன்னம்பிக்கை இல்லை. 2015 மார்ச் 13-இல் அவர் தம் 13-ஆவது பட்ஜெட்டைப் படித்தபோது இடதுசாரி எம்.எல்.ஏ.க்கள் சபாநாயகர் நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள். அந்தப் பக்கம் நாற்காலி பறக்க, இந்தப் பக்கம் ஆளுங்கட்சிக்காரர்கள் லட்டு கொடுத்தார்கள். ஐயர் அதை டி.வி.யில் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பாக்கியைப் பார்க்க இருவரும் இல்லை, நான்தான் சொல்லவேண்டும். மாணி 2019-இல் போனார். மகன் ஜோஸ் கே. மாணிக்கும் ஜோசப்புக்கும் சின்னத்துக்காக வழக்கு. என்ன சின்னம்? இரட்டை இலை! நம் பக்கத்தில் அதற்குச் சில வருஷம் முன்பு அதே இலைக்கு நடந்த அடிதடியைப் பார்த்து அவர்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. இலையை வாங்கிய மகன் 2020 அக்டோபரில் நேராகப் போய்ச் சேர்ந்தது, அப்பா பட்ஜெட்டில் நாற்காலி எறிந்தவர்களின் அணியில். முன்னாள் காங்கிரஸ் முதல்வர்களில் ஏ.கே. ஆண்டனியின் மகன் 2023-இலும் கருணாகரனின் மகள் 2024-இலும் பா.ஜ.க.வில் சேர்ந்தார்கள். பிள்ளைவாள் இருந்திருந்தால் ஐயர் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு சிரித்திருப்பார். அது மட்டும்தான் எனக்குக் குறை.

அன்றைக்கு வருவோம். காபி முடிந்தது. ஐயர் பையில் ஐந்நூறு, பிள்ளைவாள் பையில் ஐந்நூறு, என் பையிலும் அதே. பாங்கு மூடிக் கிடந்தது. விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே, “நாளெ மதி சாமி” என்றார். நாளைக்குத் தந்தால் போதுமாம். கம்யூனிஸ்ட் கூட்டுறவில் வாழ்நாளில் முதல்முறையாகக் கடன் சொன்ன இரண்டு கிழவர்களும் தலை குனிந்து எழுந்தார்கள். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு, “ஒந்நிச்சோ, வேறெவேறெயோ?” என்று கேட்டார். ஒரே பில்லா, தனித்தனியா?

“தனி!” என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.