காரமடை வட்டாரத்து மேசைக் கணினிகளில் விளையாட்டுத் தடுமாற்றம்: திணைக் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

'நோக்கில் ஓர் ஆய்வு' என்று முடியாத தலைப்பை அறிஞர் அவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஆகவே இக்கட்டுரையும் அவ்வாறே முடிகிறது. ஆய்வின் எல்லை வருமாறு: வடக்கே மேட்டுப்பாளையம், தெற்கே பெரியநாயக்கன்பாளையம், வடகிழக்கே சிறுமுகை, மேற்கே அக்கா வீட்டு மாடியறை. முதன்மைச் சான்று அக்கா மகனின் கணினி. துணைமைச் சான்று அவன் புலம்பல்.

சிக்கல் இதுதான். வேலரண்ட் என்ற விளையாட்டு 2020 ஜூனில் வெளிவந்தது. சுமாரான கணினியிலும் ஓடவேண்டும் என்றே அதைச் செய்திருக்கிறார்கள். நொடிக்கு 60 படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் சுமார் 16.7 மில்லிநொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். மருமகனின் கணினி ஒரு படத்தை வரைந்து நிமிர்வதற்குள் எதிரி சுட்டுவிட்டு, துப்பாக்கியைத் துடைத்து, வேறு சோலிக்குப் போய்விடுகிறான். "லேக் அடிக்குதுங் மாமா" (மருமகன், வாய்மொழி).

முன்னாய்வுகள் இரண்டு. "புதுக் கார்டு போட்டர்லாங்க" (கடைக்காரர், பில் புத்தகத்தின் மேல் பேனாவைத் திறந்து வைத்த நிலையில்). "அந்தப் பொட்டிய வித்துப்போட்டு ரெண்டு ஆடு புடிச்சுக் கட்டச் சொல்லு" (அப்பாரு, திண்ணைப் பதிப்பு). இரண்டாவது முடிவைப் பொருளாதார நோக்கில் மறுப்பது கடினம்.

தொல்காப்பியர் அகத்திணையை ஏழாகப் பகுத்தார். தடுமாற்றமும் ஏழே. எட்டாவதாக ஒன்று கிடைத்தாலும் ஏழில் ஒன்றுக்குள் திணித்துவிடுவது உரையாசிரியர் மரபு.

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். பழைய ஹார்டு டிஸ்க்கில் விளையாட்டை ஏற்றி வைத்துவிட்டு, 'லோடிங்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்தபடி ஆற்றியிருப்பது இத்திணை. எஸ்எஸ்டி போட்டால் தலைவன் தேர் கார்காலத்துக்கு முன்பே வந்து சேரும்.

நெய்தலுக்கு இரங்கல். படம் வழுக்கிக்கொண்டு ஓடும், சுட்ட குண்டு மட்டும் போய்ச் சேராது. இது பிங் ஏறிய குற்றம். இணைய இணைப்பைப் பார்க்காமல் கணினியை வைவது அறமன்று.

மருதம், ஊடல். டிரைவருக்கும் விளையாட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பழையதைக் கழற்றிவிட்டுப் புது டிரைவரை வாயிலாக அனுப்புக.

கைக்கிளை: ஒற்றை ரேம். 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போடுவதைவிட 8, 8 என்று இரண்டாக உரிய துளைகளில் போட்டால், இரு வழியாகத் தரவு பாயும். காதல் இருபக்கமும் வேண்டும்.

பெருந்திணை: பத்து வருடத்துப் பிராசசருக்கு நேற்று வந்த கார்டைக் கட்டி வைத்தது. விரித்துரைக்க நாணுகிறேன்.

பாலைக்கு வேனிலும் நண்பகலும். சித்திரை மாதத்து மாடியறையில் இதற்கு உரை தேவையில்லை. பல பிராசசர்கள் 100 டிகிரி செல்சியசை நெருங்கினால் உயிரைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளி நெய்திருந்தது. விசிறியின் ஓர் இறக்கையில் சிலந்தி நூல், அடியில் இரண்டு பல்லி முட்டை ஓடு, தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்கு. பிரஷ்ஷால் தட்டி, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதியது ஒரு பொட்டு வைத்ததில் சூடு இறங்கியது. படம் மட்டும் பழையபடியே திக்கியது.

இனி இவ்வாய்வின் உயிர்நாடியான கிரைண்டர்ச் சிக்கலுக்கு வருவோம். கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். அக்கா கிரைண்டரைப் போட்டால் குழல்விளக்கு ஒருமுறை கண் சிமிட்டுகிறது. மாடியில் மருமகன் சாகிறான். இரண்டும் ஒரே வேளையில் நிகழ்வதால் ஒன்றால்தான் மற்றொன்று என்று நிறுவுவது ஆய்வுலக வழக்கம். இதில் மூன்று மடங்கள் உள. மச்சான் மடத்தார், "வோல்டேஜ் எறங்குது, ஸ்டெபிலைசர் வாங்கோணும்" என்பர். மருமகன் மடத்தார், கல் உருளும் சத்தத்தில் எதிரியின் காலடி காதில் விழுவதில்லை என்பர். அமுச்சி மடத்தார் கண்ணேறு என்பர் (அமுச்சி, வாய்மொழி, முதற்பதிப்பு, தீபாவளிக்கு முந்தைய வெள்ளி, திருத்திய இரண்டாம் பதிப்பு, மாவு பொங்கி வழிந்த மறுநாள் விடியல், அதற்கு மச்சான் எழுதிய மறுப்புரை, கரண்ட் பில் அட்டையின் பின்புறம், எண்ணெய்க் கறையால் இரண்டு வரி சிதைந்தது, சிதைந்த வரிகளில் என்ன இருந்திருக்கும் என்பது குறித்துப் பெரியப்பா ஆற்றிய பேருரை, கல்யாண வீட்டுப் பந்தி, பாயசத்துக்கு முன், அப்பேருரை பாயசத்துக்குப் பின்னும் தொடர்ந்தது என்பாரும் உளர்).

அடுத்து, கிரைண்டர் எத்திணைக்குரிய பறை? குறிஞ்சிக்குத் தொண்டகம் உண்டு, முல்லைக்கு ஏறுகோட்பறை உண்டு, பாலைக்குத் துடி உண்டு. அரிசி மருதத்து உணவாதலின் கிரைண்டர் மருதப்பறை என்பது ஒரு சாரார் துணிபு. உளுந்தை எங்கே வைப்பீர் என்று மறு சாரார் கேட்க, வெந்தயத்தை நினைவூட்டி மூன்றாம் சாரார் புகுந்தனர். இம்மூவரும் சேர்ந்து ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தலாம். கட்டணம் கட்டினால் சான்றிதழ் உண்டு, வந்தால் மதிய உணவும் உண்டு.

இவ்வளவு பேரில் ஒருவரும் கிரைண்டரை நிறுத்திவிட்டு விளையாடிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆய்வு முடிந்துவிடுமே! உ.வே.சா. ஏட்டைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். அவரைப் பற்றிக் கட்டுரை படிக்கிறவர்களில் சிலர் பக்கத்து அறை நூலகத்துக்குப் போகவும் ஆட்டோ கேட்கிறார்கள்.

நான் நிறுத்திப் பார்த்தேன். கிரைண்டர் குற்றமற்றது. கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை, வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னாக மாற்றிக் கொடுக்கிறது. மோட்டார் போட்டதில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் உள்ளே போவது மாறுவதில்லை. ரொம்ப இறங்கினால் கணினி அணைந்துவிடும், அல்லது மறுபடி முதலிலிருந்து கிளம்பும். நிதானமாக ஓடலாம் என்று அது முடிவெடுப்பதில்லை.

அரங்கநாதர் கோயில் கொண்ட ஊர் என்பதால் சமயப் பார்வையையும் தொட்டாக வேண்டும். செட்டிங்ஸ் ஒவ்வொன்றாகக் குறைத்துத் தன் முயற்சியால் ஃபிரேம் தேடுகிறவன், தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி, வடகலை. ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறவன், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி, தென்கலை. மருமகன் இரண்டையும் செய்தான். அருள் இறங்கவில்லை.

எஞ்சியது குறிஞ்சி. உரிப்பொருள் புணர்தல்; இங்கே வயர் எதில் சேர்ந்திருக்கிறது என்பதே கேள்வி. கேபினட்டின் பின்பக்கம் மேலே மதர்போர்டுக்கு ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கும். அதற்குக் கீழே, குறுக்குவாட்டில், கிராஃபிக்ஸ் கார்டுக்கு வேறு துளைகள் இருக்கும். மானிட்டர் வயர் மேலதில் போனால், பிராசசரோடு ஒட்டிப் பிறந்த சிறு கிராஃபிக்ஸே பாரத்தை இழுக்கும். காசு கொட்டி வாங்கிய கார்டு பெரும்பாலும் சும்மா கிடக்கும். நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்க் கூட்டுவார் என்று குறை சொல்வோர் உண்டு. அவர் கூட்டிய இடத்திலாவது பொருள் வரும்.

கணினியைத் திருப்பினேன். வயர் மேல் துளையில் இருந்தது. அக்காவைக் கேட்டேன். "மாசித் தேருக்கு வூடு களுவறப்ப அது களண்டு வந்துருச்சு கண்ணு. கண்ணுல பட்ட ஓட்டைல சொருகி வெச்சேன். படம் தெரியுதல்லோ?" தெரிந்தது. அதுதானே சிக்கலே.

கீழே மாற்றிச் செருகினேன். ஓடியது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் வாங்கி, விண்டோஸில் 60லேயே விட்டு வைத்திருந்தான், அதையும் மாற்றியாயிற்று.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்டெபிலைசர், புதுக் கார்டு, ஆடு ஆகியவற்றை வாங்குமுன் கேபினட்டின் பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். கையோடு தூசியையும் தட்டிவிடுங்கள். இக்கட்டுரையை மேற்கோள் காட்ட விரும்பும் ஆய்வாளர்களும் முதலில் அதைச் செய்துவிட்டு வரட்டும்.