தலையாட்டினால் சுவர் எழும்பிவிடும்!

கேள்வி: வீடு கட்ட ஆர்க்கிடெக்டிடம் போனோம். எலிவேஷன், செக்‌ஷன் என்று அவர் சொல்லச் சொல்ல நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: முதலில் தலையாட்டுவதை நிறுத்துங்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அஸ்திவாரம் தோண்டிவிடுவார்கள்! எலிவேஷன், வீட்டை எதிரே நின்று பார்க்கும் தோற்றம். செக்‌ஷன், வெங்காயத்தை நறுக்கினாற்போல வீட்டை அறுத்து உள்ளே காட்டுவது. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லவேண்டியது அவர் கடமை.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் இங்கிலாந்தில் படித்தவர். ஆனால் கட்டுமானச் செலவைக் குறைக்கும் வழிகளைத் தன் கையாலேயே கார்ட்டூன் போட்டுச் சின்னச் சின்னப் புத்தகங்களாக்கினார். செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் ‘எலிப்பொறி’ச் சுவரையும் அப்படித்தான் விளக்கினார். சுமார் 25 சதவீதம் கல் மிச்சம். படத்தைப் பார்த்தாலே போதும், பட்டம் வேண்டாம்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். படுக்கையறை 10க்கு 12 அடி என்றால், அந்த அளவை மொட்டைமாடியில் சாக்பீஸால் போடச் சொல்லுங்கள். கட்டிலையும் பீரோவையும் அதற்குள் வரைந்து நடந்து பாருங்கள். பீரோக் கதவு கட்டிலில் இடிக்கிறதா? இப்போது அழிக்க ஈரத்துணி போதும். சுவர் எழும்பிய பிறகு கடப்பாரைதான்.