குடி உரிமை

அரசாங்கத்தைக் குறை சொல்லியே நமக்கு வாய் வலித்துவிட்டது. இன்று ஒரு நாளாவது வாயாரப் புகழ்ந்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்கே வருகிறது அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்பார்கள். உறங்குகிறவளைக் கூப்பிட்டு எழுப்புகிற பாட்டு. அங்கே இன்றும் ஆளைக் கூப்பிடுகிற வழக்கம் உண்டு, இலங்கைத் தமிழர் முகாமில், பதிவேட்டைப் பார்த்து. 2021 ஆகஸ்டில் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். முதலில் பெயர்ப் பலகைக்கு மறுவாழ்வு. ஆட்களுக்கும் வரிசைப்படி வரும். 1983-இல் தொடங்கிய வரிசைதானே!

அதே 1983-இல்தான் டாஸ்மாக் நிறுவனமும் பிறந்தது. ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ஒன்று இன்னும் காகிதத்துக்கு அலைகிறது. இன்னொன்று 2003-இல் சில்லறைக் கடைகளையும் தன் கைக்குக் கொண்டுவந்து, 2023-24-இல் 45,855 கோடி ரூபாய் வருமானம் கொடுத்தது. எந்தப் பிள்ளையை உச்சி முகர்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முகாமில் பிறந்த ஒரு தம்பியைத் தெரியும். பொறியியல் பட்டம் தகரப் பெட்டியில் இருக்கிறது. ஆள் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறான். நகக்கண்ணில் வெள்ளை எனாமல், சட்டையில் தின்னர் வாடை. "கம்பெனிக்குப் போனா முதல்ல பாஸ்போர்ட் கேக்கிறாங்க அண்ணா" என்பான். 1987 ஜூலைக்குப் பிறகு பிறந்தவன். அதனால் இந்திய மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தானையும் வங்கதேசத்தையும் ஆப்கானிஸ்தானையும் மறக்காமல் நினைத்துக்கொண்டது. இலங்கை பக்கத்திலேயே இருப்பதால் கண்ணில் படவில்லை போலும்.

சாயங்காலம் அவன் போய் நிற்கிற கம்பி ஜன்னலில் இந்த வம்பெல்லாம் இல்லை. 21 வயது ஆகியிருந்தால் சரி. எந்தக் கடலைத் தாண்டி வந்தாய், எந்தத் தேதிக்கு முன் பிறந்தாய் என்று யாரும் குடைவதில்லை. தில்லி காகிதம் தராது, சென்னை குவார்ட்டர் தராமல் இருக்காது. கூட்டாட்சி என்றால் இதுவல்லவா! முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் பணக்கொடையும் உண்டு. வலக்கை கொடுத்ததை இடக்கை மாதக் கடைசிக்குள் பத்திரமாகத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

போதைத் தடுப்பிலும் குறை வைக்கவில்லை. போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் பேரணி, பேனர், உறுதிமொழி. பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் கை நீட்டி நிற்கிறார்கள். குட்காவுக்கு 2013 முதலே தடை; அதனால் அது சரம் சரமாகத் தொங்குவதில்லை, கேட்டால்தான் உள்ளேயிருந்து வரும்.

சிலர் விவரம் தெரியாமல் பேசுகிறார்கள். படிப்புக்கேற்ற வேலை கொடு, மாலையில் பந்து விளையாட இடம் கொடு, குடியை விட நினைப்பவனிடம் உட்கார்ந்து பேச ஓர் ஆளைப் போடு, நீ இந்த நாட்டுக்காரன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடு, பாதிப் பையன்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள் என்கிறார்கள். இத்தனை சிரமம் எதற்கு? பேனர் மலிவு. அடுத்த வருஷத்துக்கும் ஆகும், தேதியை மட்டும் மாற்றி ஒட்டினால் போதும்.

கார்த்திகை தீபத்துக்கு ஊரில் கடைகளை மூடிவிடுவார்கள், வருகிற பக்தர்களின் நலன் கருதி. மற்ற நாட்களில் பகல் 12 மணிக்குத் திறக்கும்.