பேராண்டி, அந்தச் சீட்டுக்கட்டை இங்கன கொண்டா

ஏலே, விடிஞ்சதுலேருந்து திண்ணையில உக்காந்து சீட்டைப் புரட்டிக்கிட்டு இருக்கியே, ரம்மியா, ஜிஆர்ஈ பரீட்சைப் படிப்பா? முன்பக்கம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை, பின்பக்கம் ஒரு வரி அர்த்தம். கண்ணை மூடிக்கிட்டு நீ முணுமுணுக்கதப் பாத்துட்டு, பிள்ளைக்குப் பக்தி வந்துட்டுன்னு ஒங்க ஆச்சி எதிர்வீட்டுல போயி சொல்லிட்டா. நான் மறுக்கல. பாரன்ஸ் கைடுப் பட்டியல்ல 3,500 வார்த்தையாம்லா? அம்புட்டையும் உருப்போட்டு அமெரிக்கா போயி என்ன கேக்கப் போற, ஒரு காப்பிதானே?

நேத்து, அமெரிக்காவுக்கு அனுப்ப நீ எழுதி வச்ச கடுதாசியப் பாத்தேன். ஒட்டுக் கேக்கதுதான் பாவம், எட்டிப் பாக்கதுல பாவமில்ல. 'கல்லூரியில மூணு ப்ராஜெக்ட் பெர்பெட்ரேட் பண்ணினேன்'னு எழுதியிருக்க. சீட்டைத் திருப்பிப் பாத்தா 'செய்தல், நிறைவேற்றுதல்'னு பச்சை மையில கோடு வேற போட்டிருக்க. அர்த்தம் சரிதாம்ல. ஆனா அந்த வார்த்தை கொலை, மோசடி, அட்டூழியம் இதுககூடத்தான் சுத்தும். பந்தல் போட, பொங்கல் வைக்க அதை எவனும் கூப்புட மாட்டான். படிக்க புரொபசரு ஒனக்கு சீட் குடுக்கதா, போலீசுக்குச் சொல்லுததான்னு முழிப்பாரு.

பொண்ணு எடுக்கதுக்கு ஜாதகம் பொருந்திட்டுன்னா தாலி கட்டிருதோமா? தெருவுல நாலு பேருகிட்ட விசாரிக்கோம்லா. அகராதி சொல்லுத அர்த்தம் ஜாதகம். எடுத்துக்காட்டு வாக்கியம்தான் விசாரணை. யாரோட சேரும், யாரைக் கண்டா ஒதுங்கும், கோவம் எம்புட்டு, எல்லாம் அங்கனதான் தெரியும்.

பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் நடத்தித் தொண்டை கட்டினவன் சொல்லுதேன், இது ஏதோ என் சொந்த சரக்குன்னு நினைச்சுராத. ஹார்ன்பின்னு ஒரு வாத்தியார், ஜப்பான்ல பாடம் நடத்தின வெள்ளைக்காரரு. வேத்து பாஷைக்காரன் இங்கிலீஷ் படிக்கதுக்குன்னே ஒரு அகராதி பண்ணினாரு. 1942-ல தோக்கியோவுல வந்துச்சு, 1948-ல ஆக்ஸ்போர்டுக்காரன் போட்டான். ஒங்கப்பன் அலமாரியில தூசி திங்க அந்த அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அதோட வாரிசுதான். உள்ள வாக்கியமா அடுக்கியிருக்கும். நீ என்னடான்னா அதையெல்லாம் விட்டுட்டு முதல் வரிய மட்டும் கத்தரிச்சு ஒட்டியிருக்க.

அதுக்குப் பொறவு பர்மிங்காம்ல ஜான் சின்க்ளேர்னு ஒருத்தரு. புத்தகம், பேப்பர், பேச்சுன்னு லட்சக்கணக்கான வார்த்தையக் கம்ப்யூட்டர்ல கொட்டி, நிசமா சனங்க எழுதினதுலேருந்தே உதாரணம் எடுத்து, 1987-ல கோபில்டுன்னு அகராதி போட்டாரு. 'செட் இன்'னு ரெண்டு பொடி வார்த்தை இருக்குலா? அதைத் துருவினவருக்கு ஒண்ணு தெரிஞ்சுது. அழுகல், நோவு, விரக்தின்னு ஆகாததுகதான் பெரும்பாலும் 'செட் இன்' ஆகுது. நல்லது வந்து அப்படி உக்காரதே அபூர்வம். எந்தச் சீட்டுலயாவது இதை எழுதியிருக்கியா?

அந்த ஜிஆர்ஈ பரீட்சைக்காரனே திருந்திட்டாம்ல! 2011 ஆகஸ்டுல எதிர்ச்சொல் கேக்க கேள்வியத் தூக்கிட்டான். இப்ப வாக்கியத்துல ஓட்டை போட்டு, எந்த வார்த்தை பொருந்தும்னுதான் கேக்கான். நீ இன்னும் பழைய பாக்கியக் கட்டிக்கிட்டு இருக்க.

சரி, மூஞ்சியத் தூக்காத. நாளைக்கு அம்பது வேண்டாம், அஞ்சு போதும். அர்த்தத்துக்குக் கீழ அகராதியிலேருந்து மூணு வாக்கியம் எழுது. நாலாவது நீயே எழுதணும், நம்ம வீட்டு ஆளுகள வச்சு. அப்பத்தான் மண்டையில நிக்கும். ஒங்க சித்தப்பன் ஒருத்தனுக்கே பத்து வார்த்தை செலவாகும்.

ஒண்ணு ஏற்கெனவே எழுதிட்ட போல. கட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தியே, 'கேருலஸ்'. வேண்டாதத எல்லாம் வளவளன்னு பேசுத ஆளாம். கீழ என் பேரப் போட்டு ஒரு வாக்கியம். படிச்சேன். கட்டுலயே தப்பில்லாம இருக்கது அது ஒண்ணுதாம்ல.