விளக்கு எரிய ஒரு விண்ணப்பம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, ஸ்மார்ட் பல்பு, ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் இன்னபிற தயாரிக்கும் கம்பெனி.

பொருள்: பல்பு ‘ஆஃப்லைன்’ ஆனது – தங்கள் ஆணைகளை நிறைவேற்றிய அறிக்கை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தாங்கள் அனுப்பிய வழிமுறைகள் கிடைத்தன. குடும்பத்தாரை ஹாலில் உட்காரவைத்து உரக்க வாசித்தேன். வைஃபை கேட்டுப் பல்பு சிமிட்டிக்கொண்டே இருந்ததால் ஒரு வரி தெரிந்தது, மறு வரி தெரியவில்லை. விடுபட்ட வரிகளில் தங்கள் தவறு ஏதேனும் குறிப்பிடப்பட்டிருந்தால் மன்னிக்கவும்.

முதல் ஆணை: 2.4 கிகாஹெர்ட்ஸில் இணைக்கவும். எங்கள் ரூட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் பரப்புகிறது. போன் வேகத்தைப் பார்த்து 5-க்குத் தாவிவிடும். தங்கள் பல்புக்கோ 2.4 தவிர வேறு பாஷை தெரியாது. 2.4-ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. சுவரைத் தாண்டிக் கூடுதல் தூரம் போகும், சிப்பும் மலிவு. ஆனால் ‘1 கோடியே 60 லட்சம் நிறங்கள்’ என்று பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டவர்கள், இந்தச் சேதியை மட்டும் அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். முன்பே தெரிந்திருந்தால் ரூட்டர் செட்டிங்ஸில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டு அன்று மாலையே வேறு வேலை பார்த்திருப்பேன். அத்தனை கோடி நிறங்களில் எங்களுக்குத் தேவைப்பட்டது வெள்ளை.

அடுத்தது, ரூட்டருக்கும் பல்புக்கும் நடுவே உள்ள தடைகளை அகற்றுதல். தடைகளில் மூத்தது அம்மாவின் இரும்பு பீரோ. கல்யாணச் சீராக வந்தது. தங்கள் கடிதத்தைக் காட்டினேன். “இது வெளிச்சம் தர வந்ததா, வீட்டைக் காலி பண்ண வந்ததா?” என்று கேட்டார். பதில் தங்களிடம் இருந்தால் தெரிவிக்கவும். மற்றொரு தடை கம்பி கட்டிய கான்கிரீட் சுவர். அதை இடிக்க மேல்மாடிக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 சொச்சத்தில்தான் ஓடுகிறது என்பதால், சாம்பார் சூடாகும் நேரத்தில் பல்பிடம் நாங்கள் எதுவும் கேட்பதில்லை.

பல்பு தானே ஒரு குட்டி வைஃபையைக் கிளப்பும், போனை அதில் சேர்க்கவும் என்றீர்கள். சேர்த்தேன். ‘இதில் இன்டர்நெட் இல்லை’ என்று போன் உடனே கண்டுபிடித்து மொபைல் டேட்டாவுக்கு ஓடிவிட்டது. டேட்டாவை அணைத்துவிட்டுச் செய்தால் காரியம் நடக்கும் என்பது தங்கள் வழிமுறையில் எங்கும் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன் சொன்னான். அவனுக்குத் தாங்கள் சம்பளம் தருவதாகத் தெரியவில்லை.

ரீசெட் விஷயத்தில் தங்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 2019-இல் ஜி.இ. கம்பெனியின் பல்பை ரீசெட் செய்யும் வீடியோவைப் பார்த்து உலகமே சிரித்தது: 8 விநாடி போடு, 2 விநாடி அணை, இப்படியே ஐந்து முறை, பல்பு மூன்று தடவை சிமிட்டினால் வெற்றி. சிமிட்டாவிட்டால் உள்ளே இருப்பது பழைய மென்பொருளாம், அதற்கு வேறு கணக்கு. அந்த மரபில் நானும் ஸ்விட்ச் முன் நின்று எண்ணினேன். எதிர்வீட்டுக்காரர் வோல்டேஜ் பிரச்சினை என்று நினைத்து ஃபிரிட்ஜை அணைத்துவிட்டார்.

கரண்ட் போய்வரும் ஊர் என்பதையும் தங்கள் பொறியாளர்கள் அறிவது நல்லது. கரண்ட் வந்ததும் பல்பு நொடியில் விழித்துவிடுகிறது, ரூட்டர் எழ நேரமாகிறது. தேடிக் கிடைக்காத கோபத்தில் பல்பு நடுநிசியில் முழு வெளிச்சத்தோடு கூப்பாடு போடுகிறது. எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தால், காலையில் ஆப் என்னிடமே கேட்கிறது: “உங்கள் ரூட்டரைச் சரிபார்த்தீர்களா?”

இந்தக் கேள்விதான் இக்கடிதத்துக்குக் காரணம். எனக்கும் பல்புக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. நான் போனில் தட்டும் கட்டளையோ எங்கோ இருக்கும் தங்கள் சர்வர் வரை போய்த் திரும்புகிறது. அந்த வழியில் எது படுத்தாலும் சந்தேகம் என் ரூட்டர் மேல், என் பாஸ்வேர்ட் மேல், என் பீரோ மேல். 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் சர்வர்கள் படுத்தபோது, அவற்றை நம்பியிருந்த துடைப்ப ரோபோக்களும் வாசல் மணிகளும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அன்று காரணம் தெரியாமல் தம் வீட்டு ரூட்டரைப் பிடுங்கிச் செருகியவர்கள் எத்தனை பேரோ! 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற அமெரிக்கக் கம்பெனி முன்னறிவிப்பின்றி சர்வர்களையே மூடியது. அந்த வாடிக்கையாளர்கள் எந்தச் சுவரை இடித்திருந்தாலும் பயனில்லை.

ஆகவே, சர்வர் படுத்தால் ‘சர்வர் படுத்துவிட்டது’ என்று ஆப்பில் ஒரு வரி போடும்படி கேட்டுக்கொள்கிறேன். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபைக்குள்ளேயே பல்பு என் பேச்சைக் கேட்க வேண்டும். 2022-இல் வெளிவந்த ‘மேட்டர்’ என்ற பொதுத் தரம் அதற்கு வழி வைத்திருக்கிறது, தாங்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். பெட்டியில் பத்து லட்சம் நிறத்தைக் குறைத்துக்கொண்டால் 2.4 என்று பெரிதாக அச்சடிக்க இடம் கிடைக்கும்.

தங்கள் பதிலை நாடும்,
பல்பின் உதவியாளர்

நகல்: எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அவர்களுக்கு – தகவலுக்காகவும், வரும்போது சாதாரண 9 வாட் பல்பு ஒன்று கொண்டுவரும் பொருட்டும்.